காதிரைச்சலோடு வாகனம் ஓட்டுவோர்: ஹெட்போனின் பயனும் அதன் எல்லையும்

(அல்பர்ட்ஸ்லுண்ட் வாழ் தமிழ்ப் பெற்றோர், இளையோர் முன்னிலையில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர் நாடுகளில் தமிழர் கூடும் இடங்களில் நீரிழிவு பற்றிப் பேசப்படுகின்றது. இரத்த அழுத்தம், முழங்கால் வலி ஆகியன பற்றியும் பேசப்படுகின்றது. காதைப் பற்றிய பேச்சு மட்டும் அரிதாகவே எழுகின்றது. வெளியே எந்த ஓசையும் இல்லாத வேளையிலும் காதுக்குள் வண்டு இரைவது போன்றும், சீழ்க்கை ஒலிப்பது போன்றும், தூரத்தில் இயந்திரம் ஓடுவது போன்றும் ஓயாது கேட்கும் ஒலியோடு வாழ்பவர்கள் பலர் உள்ளனர். அவர்களிற் பெரும்பாலானோர் அதனைத் துணைவியிடமோ பிள்ளைகளிடமோகூடச் சொல்வதில்லை. தமிழில் காதிரைச்சல் என்றும் மருத்துவ உலகில் டின்னிட்டஸ் என்றும் வழங்கும் இத்தொல்லையே இவ்வுரையின் பொருள்.

குறிப்பாக, காதிரைச்சல் உடையோர் வாகனம் ஓட்டும்போது இரைச்சல் நீக்கும் ஹெட்போனை அணியலாமா என்ற கேள்விக்கு இங்கு விடை தேடப்படுகின்றது. நீண்ட தூரம் வாகனம் ஓட்டும் தந்தையர் பலருக்குப் பிள்ளைகள் பிறந்தநாள் பரிசாக இக்கருவியை வாங்கிக் கொடுக்கின்றனர். பரிசின் பின்னால் உள்ள அன்பு உயர்ந்தது. ஆயினும் அக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதை அறியாமல் அதனை அணிந்து வீதியில் இறங்குவது உயிருக்கே ஊறாக முடியலாம்.

காதிரைச்சல் என்பது யாது?

இது புதிய நோயன்று. பண்டைய ஆயுர்வேத நூலாகிய சுசுருத சங்கிதை 28 வகைக் காது நோய்களைக் குறிப்பிடுகையில் கர்ணநாதம் என்று இதற்கும் ஓர் இடம் அளித்துள்ளது. 2022ஆம் ஆண்டு வெளியான ஒரு விரிவான மருத்துவ ஆய்வின்படி, உலகின் வளர்ந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகையில் காதிரைச்சலை உணர்கின்றனர். இவர்களின் தொகை 74 கோடிக்கும் மேல். இவர்களுள் 12 கோடிக்கும் மேற்பட்டோருக்கு அது வாழ்வையே வருத்தும் அளவிற்குக் கடுமையானது.

உட்காதில் நத்தையின் ஓட்டைப் போன்ற வடிவில் ஒரு சிறு உறுப்பு உண்டு. அதனுள் வரிசையாக நிற்கும் நுண்ணிய மயிர்க்கலங்களே ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. பெருஞ்சத்தத்தினாலோ முதுமையினாலோ சில மருந்துகளினாலோ இக்கலங்கள் பழுதடைந்தால் அவை மீண்டும் முளைப்பதில்லை. வரவேண்டிய செய்தி குறைந்துவிடவே, மூளை தன் பக்கத்தில் உணர்திறனைக் கூட்டிக்கொள்கின்றது. அவ்வாறு கூட்டப்பட்ட நரம்புச் சலனமே பலருக்கு ஒலியாக உணரப்படுகின்றது. ஆகவே காதிரைச்சலைக் காற்றில் வந்து சேரும் ஓசையாகக் கொள்ளலாகாது. அது பெரும்பாலும் நரம்பு மண்டலத்தினுள்ளேயே பிறக்கின்றது. இவ்வுரையில் பின்னர் வருவன யாவும் இவ்வுண்மையிலிருந்தே விளைகின்றன.

தமிழரிடையே ஏன் பேசப்படுவதில்லை?

டென்மார்க்கிற்குத் தமிழர் ஏதிலிகளாகப் பெருமளவில் வரத் தொடங்கியது 1980களின் நடுப்பகுதியில். வந்தவர்களுட் பலர் குண்டு வீச்சையும் எறிகணை வெடிப்பையும் மிக அருகிற் கேட்டவர்கள். ஒரே ஒரு வெடிப்பொலியும் காதின் மயிர்க்கலங்களை நிரந்தரமாகச் சிதைக்க வல்லது. அவ்வாறு தப்பி வந்தவர்கள் பின்னர் இயந்திரங்கள் இரையும் தொழிற்சாலைகளிலும் பெரிய சமையற்கூடங்களிலும் துப்புரவுப் பணிகளிலும் பல ஆண்டுகள் உழைத்தனர். வாடகை வண்டிகளையும் பேருந்துகளையும் ஓட்டியோரும் உளர். வெடியோசையின் பாதிப்பும் தொழிலிடத்து இரைச்சலின் பாதிப்பும் ஒரே காதில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்தன.

அத்துடன் மனச்சுமையும் கூடியது. 1987இல் அன்றைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன் தமிழ் ஏதிலிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களைச் சட்டத்திற்கு மாறாக நிறுத்தி வைத்தார். மனைவி மக்கள் போர்ச்சூழலில் இருக்க, கணவன்மார் இங்கே தனிமையிற் காத்திருந்தனர். அவ்விவகாரம் 1993இல் பிரதமர் போல் ஷ்லூட்டரின் அரசு பதவி விலகக் காரணமாயிற்று. 1995இல் சிறப்பு நீதிமன்றம் நின்-ஹான்சனைக் குற்றவாளியாகக் கண்டது. டேனிய வரலாற்றில் "தமிழர் வழக்கு" என்றே அது பெயர் பெற்றது. இத்தகைய துயரங்களைத் தாங்கிய தலைமுறைக்குக் காதுக்குள் கேட்கும் ஓர் ஒலி, சொல்லத்தகாத சிறு விடயமாகவே தோன்றியது. உள அழுத்தமும் உறக்கமின்மையும் காதிரைச்சலின் வேதனையைக் கூட்டும் என்பதை அன்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் எவரும் இருக்கவில்லை.

வேறோர் அச்சமும் உண்டு. வாகனம் ஓட்டிப் பிழைப்பவர், மருத்துவரிடம் சொன்னால் சாரதி அனுமதிப்பத்திரம் பறிபோய்விடுமோ என்று அஞ்சுகின்றார். இந்த அச்சம் தேவையற்றது. காதிரைச்சல் உடையோர் உலகெங்கும் வாகனம் ஓட்டுகின்றனர். கேட்கும் கருவி அணிந்தோரும் ஓட்டுகின்றனர். தலைச்சுற்று, திடீர்க் கேள்விக்குறைவு ஆகியன சேர்ந்திருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும்வரை வாகனத்தைத் தொடாதிருப்பது கட்டாயம்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன் வந்த கதை

ஒலி என்பது அலை. ஓர் அலை மேலெழும் அதே கணத்தில் அதற்குச் சமமான வேறோர் அலை கீழிறங்குமாறு செய்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடும். செருமானிய அறிஞர் பவுல் லூக் 1936இல் இக்கருத்திற்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். எனினும் அதனை அன்றாடப் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்த பெருமை அமார் போஸ் என்னும் பேராசிரியரைச் சேரும். அவருடைய தந்தையார் நொனி கோபால் போஸ் வங்காளத்தில் ஆங்கில ஆட்சிக்கு எதிராகப் போராடி, அதன் விளைவாக நாட்டை விட்டு அமெரிக்காவிற்குத் தப்பிச் சென்றவர். ஏதிலியாய் வந்த ஒருவரின் மகன் ஒலியியலில் உலகப் புகழ் பெற்றார் என்பது புலம்பெயர்ந்த பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லத்தக்க செய்தி.

1978இல் ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா திரும்பும் விமானத்தில் அவருக்கு ஹெட்போன் ஒன்று கொடுக்கப்பட்டது. இயந்திர இரைச்சலில் இசை கேட்கவில்லை. விமானம் தரையிறங்குமுன்னரே அதற்கான கணக்குகளை அவர் எழுதத் தொடங்கினார். 1986இல் எங்கும் தரையிறங்காமல் உலகைச் சுற்றிய வொயேஜர் விமானத்தின் ஓட்டிகள் இருவரும் அவருடைய நிறுவனத்தின் முன்மாதிரிக் கருவிகளை அணிந்து சென்றனர். 1989இல் விமானிகளுக்கான கருவி விற்பனைக்கு வந்தது. 2000ஆம் ஆண்டு முதல் பொதுமக்களும் அதனை வாங்க முடிந்தது.

இவ்வரலாற்றில் ஒரு நுட்பம் உண்டு. இக்கருவி முதலில் விமானிகளுக்காகவே செய்யப்பட்டது. விமானிக்கு வரவேண்டிய கட்டளைகளும் எச்சரிக்கைகளும் வானொலி வழியாக அந்த ஹெட்போனுக்குள்ளேயே வந்து சேர்கின்றன. வெளி இரைச்சலை அடைத்தால் அவை இன்னும் தெளிவாகக் கேட்கும். வீதியில் வாகனம் ஓட்டுபவரின் நிலை இதற்கு நேர்மாறானது. நோயாளர் காவு வண்டியின் சைரனும், பின்னால் வரும் பாரவூர்தியின் ஹோர்ன் ஒலியும், சைக்கிளோட்டியின் மணியும், சொந்த வாகனத்தின் சில்லில் எழும் புதிய சத்தமும் திறந்த காற்றின் வழியாகவே அவரை எட்டுகின்றன. விமானிக்குக் காவலாக அமைந்த கருவி சாரதிக்குத் திரையாக மாறுவது இதனாலேயே.

கருவியால் ஆவதும் ஆகாததும்

இரைச்சல் நீக்கும் ஹெட்போனின் வெளிப்புறத்தில் சிறிய ஒலிவாங்கிகள் உள்ளன. அவை வெளியோசையை அளந்து எதிர் அலையை உருவாக்கக் கருவிக்கு உதவுகின்றன. இயந்திர முழக்கம், வீதியின் அடித்தள உறுமல் போன்ற தாழ்ந்த, சீரான ஒலிகளை இது நன்றாகக் குறைக்கும். ஏறத்தாழ 1000 ஹேர்ட்ஸிற்கு மேற்பட்ட கூரிய ஒலிகளில் எதிர் அலையின் வலிமை குன்றிவிடும். அங்கே காதை மூடும் பஞ்சும் தோலுமே தடுப்பு வேலையைச் செய்கின்றன.

காதிரைச்சலோ ஒலிவாங்கிக்கு எட்டாதது. காற்றில் இல்லாத ஓர் ஒலிக்கு எதிர் அலையை எந்தக் கருவியாலும் உருவாக்க முடியாது. ஆகவே "இரைச்சல் நீக்கும்" என்று பெட்டியின் மேல் எழுதியிருப்பது வெளியிரைச்சலை மட்டுமே குறிக்கும்.

இன்னும் ஒரு படி மேலே சென்று நோக்க வேண்டும். 1953இல் ஹெலர், பேர்க்மன் என்னும் இரு அமெரிக்க ஆய்வாளர்கள், காதில் எக்குறையும் தெரியாத 80 பேரைத் தனித்தனியே ஒலி புகாத அறையில் ஐந்து நிமிடங்கள் அமரச் செய்தனர். அவர்களுள் 94 விழுக்காட்டினர் இரைவது, முரல்வது, சீறுவது போன்ற ஏதோ ஓர் ஒலியைக் கேட்டதாகச் சொன்னார்கள். நலமான காதிற்கே முழு அமைதியில் உள்ளொலி கேட்குமாயின், ஏற்கெனவே காதிரைச்சல் உள்ளவருக்கு அமைதி என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெளியோசை முழுவதையும் அடைத்துவிட்டு எதையும் ஒலிக்கவிடாமல் ஹெட்போனை அணிந்தால் உள்ளிரைச்சல் பலருக்கு முன்னிலும் கூர்மையாகக் கேட்கும். இருட்டறையில் சிறு விளக்கும் கண்ணைப் பறிப்பது போன்றது இது.

அப்படியாயின் சிலருக்கு அதனால் ஆறுதல் கிடைப்பது எவ்வாறு? காதிரைச்சல் உடையோரிற் பலருக்கு வெளியிரைச்சலைத் தாங்கும் திறன் குறைந்திருக்கும். மணிக்கணக்கில் உறுமலைக் கேட்டுக் களைத்த நரம்பு, உள்ளிரைச்சலையும் பெரிதாக்கிக் காட்டும். அத்தகையோர் வெளியுறுமலைக் குறைத்து, மெல்லிய இசையையோ மழையோசையையோ தாழ்ந்த அளவில் கேட்கும்போது இளைப்பாறுகின்றனர். ஆறுதலைத் தருவது அந்த மென்மையான ஒலியே. அதனைச் சத்தமின்றிக் கேட்க இடமளிப்பது மட்டுமே ஹெட்போனின் பங்கு. அம்மென்மையான ஒலியை வாகனத்தின் சொந்த ஒலிபெருக்கி வழியாகவும் பெறலாம் என்றால், சாரதியின் காதை மூடவேண்டிய தேவையே இல்லை.

சட்டம் சொல்வது

டேனிய வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, வீதியைப் பாவிக்கும் ஒவ்வொருவரும் பிறரை மதித்துக் கவனத்துடன் நடக்கவேண்டும் எனக் கட்டளையிடுகின்றது. 54ஆம் பிரிவு, நோயாலோ தளர்ச்சியாலோ உறக்கமின்மையாலோ பாதுகாப்பாக ஓட்ட இயலாத நிலையில் உள்ளவர் வாகனம் ஓட்டுவதைத் தடுக்கின்றது. சைரன் கேட்காமையால் அவசர ஊர்திக்கு வழிவிடத் தவறியவர், காதை மூடியிருந்தார் என்பது தெரியவந்தால், தாம் கவனத்துடன் இருந்ததாக வாதிடுவது எளிதன்று.

எல்லை கடந்து செல்வோர் மேலும் அவதானமாக இருத்தல் வேண்டும். பிரான்சில் 2015ஆம் ஆண்டு யூலை முதலாம் நாள் தொடக்கம் வாகனம் ஓட்டுவோரும் சைக்கிளோட்டுவோரும் ஒலி எழுப்பும் கருவி எதனையும் காதில் அணிவது தடைசெய்யப்பட்டுள்ளது. தண்டம் 135 யூரோ. வாகன ஓட்டியின் அனுமதிப்பத்திரத்திலிருந்து 3 புள்ளிகளும் கழிக்கப்படும். கேட்கும் கருவிக்கு விலக்கு உண்டு. ஸ்பெயினிலும் இத்தகைய தடை உள்ளது. செருமனியில் கருவிகளினால் கேள்வித்திறன் தடைப்படாதவாறு பார்த்துக்கொள்வது சாரதியின் கடமையாகும். ஹாம் நகரின் காமாட்சி அம்பாள் தேர்த்திருவிழாவிற்கும், பாரிசில் வாழும் உறவினர் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கும் டென்மார்க்கிலிருந்து வாகனத்திற் செல்லும் குடும்பங்கள் இவற்றை மனங்கொள்ள வேண்டும்.

அல்பர்ட்ஸ்லுண்டும் அதன் வீதிகளும்

அல்பர்ட்ஸ்லுண்ட் 1960களிலும் 1970களிலும் திட்டமிட்டு எழுப்பப்பட்ட நகரம். நடப்போருக்கும் சைக்கிளோட்டுவோருக்கும் உரிய பாதைகளை வாகன வீதிகளிலிருந்து பிரித்து அமைத்தமை இந்நகரின் சிறப்பு. சிறுவர் வாகனங்களைச் சந்திக்காமலே பாடசாலைக்குச் செல்லத்தக்கதாகப் பகுதிகள் அமைக்கப்பட்டுள்ளன. நகரின் வடபுறத்தில், 1967 தொடக்கம் விளைநிலங்களில் மரம் நாட்டி வளர்க்கப்பட்ட வெஸ்ட்ஸ்கோவன் காடு பரந்து கிடக்கின்றது. வீட்டு வாசலில் அமைதி கிட்டுகின்றது. வேலைக்குப் புறப்பட்டதும் ஹோல்பெக் அதிவேக வீதியும், நான்காம் சுற்றுவீதியும், றொஸ்கில வீதியும் எதிர்ப்படுகின்றன.

கோயில் திருவிழா என்றால் பயணம் இன்னும் நீளும். பிராண்ட அபிராமி அம்மன் கோயிலுக்கோ ஹேர்னிங் சித்தி விநாயகர் ஆலயத்திற்கோ செல்வோர் 18 கிலோமீற்றர் நீளமான ஸ்டோர்பெல்ட் கடற்பாலத் தொடரைக் கடந்து, ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓட்டவேண்டும். அதிவேக வீதியில் எழும் ஓசையின் பெரும்பகுதி இயந்திரத்திலிருந்து பிறப்பதில்லை. சில்லும் வீதியும் உராயும் ஓசையும் காற்றின் ஓசையுமே அங்கு மேலோங்கும்.

இன்று மின்வாகனங்கள் பெருகிவிட்டன. 2024இல் டென்மார்க்கில் விற்பனையான புதிய மகிழுந்துகளில் பாதிக்கு மேற்பட்டவை மின்சாரத்தால் ஓடுபவை. நகர வீதியில் அவை மெதுவாகச் செல்லும்போது இயந்திர ஓசை இல்லை. காதிரைச்சல் உடைய வாடகை வண்டிச் சாரதி ஒருவர் புதிய மின்வாகனத்திற்கு மாறியதும் தம் நோய் முற்றிவிட்டதாகக் கலங்கக்கூடும். நோய் முற்றவில்லை. முன்னர் உள்ளிரைச்சலை மறைத்திருந்த இயந்திர ஓசை மறைந்துவிட்டது, அவ்வளவே. இவ்விளக்கத்தை அறிந்தாலே பாதி அச்சம் நீங்கிவிடும்.

சாரதி செய்யத்தக்கவை

முதலாவது, வாகனத்தினுள் முழு அமைதியைத் தேடாதிருத்தல். ஓட்டத் தொடங்கும்போதே வானொலியையோ மெல்லிசையையோ வாகனத்தின் ஒலிபெருக்கியில் தாழ்வாக ஒலிக்கவிடலாம். உள்ளிரைச்சலை முற்றாக மூழ்கடிக்கும் அளவிற்கு ஒலியைக் கூட்டுதல் தவறு. இரண்டும் ஒன்றோடொன்று கலந்து கேட்கும் அளவே போதும். காலப்போக்கில் மூளை உள்ளொலியைப் பொருட்படுத்தாது விடக் கற்றுக்கொள்ளும். பவெல் யஸ்ற்றெபோவ் என்னும் ஆய்வாளர் 1990 முதல் வகுத்தளித்த பழக்கப்படுத்தும் முறையின் அடிப்படை இதுவே.

இரண்டாவது, ஒலியளவிற்கு ஓர் எளிய அளவுகோல். திரும்பும் சைகை விளக்கின் "டிக் டிக்" ஓசை கேட்கவேண்டும். அருகில் இருப்பவர் இயல்பான குரலிற் பேசுவது புரியவேண்டும். இவ்விரண்டும் இல்லையெனில் ஒலி மிகுதி.

மூன்றாவது, இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே குறைத்தல். வேகத்தைச் சற்றுக் குறைத்தால் ஓசை குறையும். தேய்ந்த, ஒழுங்கற்ற ரயர்கள் உறுமும். அவற்றை மாற்றினால் பயணமே மாறும். அதிவேக வீதியில் கண்ணாடியைத் திறந்து செல்வது காதிற்குக் கேடு. எதிர் அலை முறையை வாகனத்திலேயே பொருத்தும் வழக்கமும் உண்டு. 1992இல் யப்பானில் நிசான் புளூபேர்ட் மகிழுந்தில் அது முதன்முதலாக வந்தது. வாகனத்தோடு அமைந்த அத்தகைய ஏற்பாடு இயந்திரத்தின் தாழ்ந்த உறுமலை நோக்கியே செயற்படும். சாரதியின் காதை அது மூடுவதில்லை.

நான்காவது, உறக்கம். காதிரைச்சலின் உண்மையான ஆபத்து வீதியில் தோன்றுவதைவிட முந்திய இரவிலேயே தோன்றிவிடுகின்றது. இரவெல்லாம் இரைச்சலோடு புரண்டவர் காலையில் ஓட்டும்போது கண்ணயரக்கூடும். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயற்றிறன், இரத்தத்தில் 0.5 புரொமில் மதுசாரம் உள்ளவரின் செயற்றிறனை ஒத்தது என 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. டென்மார்க்கில் மது அருந்தி ஓட்டுவோருக்குச் சட்டம் விதித்த எல்லையும் அதுவே. படுக்கையறையிலும் மெல்லிய பின்னணி ஒலி உதவும். நீண்ட பயணத்தில் இடையிடையே நிறுத்தி இளைப்பாறுதலும், துணைவியோ வளர்ந்த பிள்ளையோ மாறி ஓட்டுதலும் நன்று.

அப்படியாயின் வாங்கிக் கொடுத்த ஹெட்போன் வீணா? இல்லை. கொப்பன்ஹேகன் செல்லும் எஸ் தொடருந்திலும், விமானத்திலும், பின்னிருக்கையிலும், வேலை இடைவேளையிலும் அதற்கு உரிய இடம் உண்டு. வெளியிரைச்சல் குறைவதால் பாடலைத் தாழ்வாகவே கேட்க முடிகின்றது. அது காதிற்கு நன்மை. ஓட்டுநர் இருக்கையில் அமருமுன் அதனைக் கழற்றிப் பையில் வைத்தல் வேண்டும்.

மருத்துவம் நாடுதல்

டென்மார்க்கில் பொதுக் காப்புறுதியின் முதலாம் பிரிவில் உள்ளோர் குடும்ப மருத்துவரின் கடிதமின்றியே காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் செல்லலாம். இவ்வசதியை அறியாத பெற்றோர் பலர். சிலவேளை காதுக் குறும்பி அடைத்திருப்பதே காரணமாக இருக்கும். அதனை மருத்துவர் சில நிமிடங்களில் நீக்கிவிடுவார். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும், பஞ்சுக் குச்சியால் குடைவதும் செவிப்பறைக்குத் தீங்கு செய்யலாம்.

சில அறிகுறிகள் தாமதத்தைப் பொறா. ஒரு காது திடீரெனக் கேளாமற் போதல், ஒரு பக்கத்தில் மட்டும் இரைச்சல், நாடித் துடிப்போடு இணைந்து ஒலித்தல், தலைச்சுற்று ஆகியவற்றிற்கு உடனே மருத்துவரை நாடவேண்டும். திடீர்க் கேள்வியிழப்பிற்கு முதற்சில நாட்களில் தொடங்கும் சிகிச்சையே பயன் தரும். அன்றே அல்லது மறுநாளே சென்றுவிட வேண்டும்.

நாட்பட்ட காதிரைச்சலை முற்றாகப் போக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை. அவ்வாறு விளம்பரம் செய்வோரிடம் பணத்தை இழக்கலாகாது. 2019இல் வெளியான ஐரோப்பிய மருத்துவ வழிகாட்டி, எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் உளவியற் சிகிச்சையை வலுவாகப் பரிந்துரைக்கின்றது. கேள்விக்குறைவு இருப்போருக்குக் கேட்கும் கருவி பெரிதும் உதவும். வெளியுலகின் ஓசைகள் மீண்டும் காதை அடையும்போது உள்ளொலி பின்னே செல்கின்றது. இத்துறையில் டென்மார்க் உலகின் முன்னணி நாடு. ஒற்றிக்கொன் நிறுவனம் 1904இலும், வைடெக்ஸ் நிறுவனம் 1956இலும் இங்கேயே தொடங்கப்பட்டன. அத்தகைய நாட்டில் வாழ்ந்துகொண்டு, கேட்கும் கருவி அணிவதை வெட்கமாகக் கருதுவது பொருந்தாது. மூக்குக்கண்ணாடி அணிய எவரும் வெட்கப்படுவதில்லையே.

தொழிலிடத்து இரைச்சலால் காது பழுதடைந்ததென ஐயுற்றால் அதனையும் மருத்துவரிடம் சொல்லவேண்டும். தொழில்சார் நோயென ஐயுறுமிடத்து அதனை அதிகாரிகளுக்கு அறிவிப்பது மருத்துவரின் கடமை. டேனிய விதிகளின்படி நாளொன்றிற்கு 8 மணி நேரச் சராசரியாக 85 டெசிபெலுக்கு மேற்பட்ட இரைச்சலுக்குத் தொழிலாளரை உட்படுத்தலாகாது. 80 டெசிபெலைத் தாண்டினாலே காதுக் காப்பைத் தொழில் தருநர் வழங்கவேண்டும். இதனைக் கேட்டுப் பெறுவது உரிமை.

இளையோர் கவனத்திற்கு

காதிரைச்சல் முதியோருக்கு மட்டும் உரியதென எண்ணலாகாது. 12 முதல் 35 வயது வரையான 100 கோடிக்கும் மேற்பட்ட இளையோர், ஒலியை மிகுத்துக் கேட்கும் பழக்கத்தால் கேள்வித்திறனை இழக்கும் ஆபத்தில் உள்ளனர் என உலக சுகாதார நிறுவனம் எச்சரித்துள்ளது. வளர்ந்தோர் வாரமொன்றிற்கு 80 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் வரையும், சிறுவர் 75 டெசிபெல் அளவில் 40 மணி நேரம் வரையும் கேட்கலாம் என்பது அந்நிறுவனத்தின் அளவுகோல். ஒலி 3 டெசிபெல் கூடுந்தோறும் பாதுகாப்பான நேரம் பாதியாகக் குறையும். 85 டெசிபெலுக்கு 8 மணி நேரம் என்றால் 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம், 100க்கு ஏறத்தாழ 15 நிமிடம் மட்டுமே.

திருமண மண்டபங்களிலும் அரங்கேற்ற மேடைகளிலும் ஒலிபெருக்கிக்கு நேரே அமரும் சிறுவரையும், திருவிழாவில் தவிலுக்கு மிக அருகில் நிற்கும் குழந்தைகளையும் பெற்றோர் எண்ணிப் பார்க்க வேண்டும். நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் வழியில் காது கூவினால், அது காது தரும் எச்சரிக்கை. சில மணி நேரத்தில் அது அடங்கிவிட்டாலும், அடுத்தடுத்த முறைகளில் அடங்காமற் போகலாம். இளமையில் இழந்த மயிர்க்கலத்தை முதுமையில் எந்த மருத்துவரும் மீட்டுத் தரமாட்டார்.

சைக்கிளில் பாடசாலைக்கும் பல்கலைக்கழகத்திற்கும் செல்லும் இளையோருக்கும் இவ்வுரையின் பொருள் பொருந்தும். அல்பர்ட்ஸ்லுண்டின் தனிப்பாதைகளிற் பழகிய காது, கொப்பன்ஹேகன் சந்திகளில் பாரவூர்தி வலப்புறம் திரும்பும்போதும் திறந்தே இருக்கவேண்டும்.

வீட்டிற்குள் தொடங்கவேண்டிய பேச்சு

பெற்றோரின் காதிரைச்சலை மருத்துவரிடம் விளக்குவதில் பிள்ளைகளின் பங்கு பெரிது. "வண்டு இரையுது", "காது கூவுது" என்று தமிழிற் சொல்லப்படுவதைப் பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளல் வேண்டும். எந்தக் காது, எப்போது தொடங்கியது, ஓயாமல் ஒலிக்கின்றதா விட்டுவிட்டு ஒலிக்கின்றதா, நாடியோடு துடிக்கின்றதா, உறக்கம் கெடுகின்றதா, முன்னர் வெடியோசை கேட்டதுண்டா, எவ்வகைத் தொழில் செய்தார், என்ன மருந்துகள் உட்கொள்கின்றார் என்பனவே மருத்துவர் கேட்கும் கேள்விகள். இவற்றிற்கான விடைகளை முன்கூட்டியே டேனிய மொழியில் எழுதிச் செல்வது பெரும் உதவி. போர்க்கால நினைவுகளைப் பற்றிய பேச்சு எழும் இடத்தில், பதின்ம வயதுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காது தேர்ந்த மொழிபெயர்ப்பாளரைக் கோருவதே முறை.

பெரிய இழப்புகளைத் தாங்கியவர் என்பதற்காக ஒருவர் சிறிய வேதனையைச் சொல்லாமலே சுமக்கவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை. ஹெட்போன் வாங்கிக் கொடுக்கும் அன்போடு, "அப்பா, காதுக்குள் என்ன கேட்கின்றது?" என்று ஒருமுறை கேட்கும் அன்பும் சேருமானால், மருத்துவம் அங்கிருந்தே தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளில் வெஸ்ட்ஸ்கோவன் காட்டில் குடும்பத்தோடு நடந்து செல்வதும் நல்லது. இலைகளின் சலசலப்பும் பறவைகளின் குரலும் காதிரைச்சலுக்கு ஏற்ற மென்மையான பின்னணி ஒலிகள்.

வீதியில் ஓட்டுபவரின் காது அவருக்கு மட்டும் சொந்தமானதன்று. பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையும், எதிரே வரும் அந்நியரும், சைரனோடு விரையும் வண்டியினுள் உயிருக்குப் போராடும் நோயாளியும் அக்காதை நம்பியிருக்கின்றனர். அதனை மூடாமல் வைத்திருப்போம் என்ற உறுதியோடும், அதனுள் ஒலிக்கும் வேதனையை இனி மறைக்கமாட்டோம் என்ற துணிவோடும் அனைவரும் வீடு திரும்புவார்களாக.